கசிவில்லாக் கட்டடம்

அந்தக் கட்டடத்தில் காற்று கசிகிறது என்று வாரியம் கண்டுபிடிக்கும்வரை, அதை ஒரு குறையென்று காலர் நினைத்ததே இல்லை. கூரை ஒழுகினால் குறை. குழாய் ஒழுகினால் குறை. காற்று கசிந்தால் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு அந்தப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்துகொள்வது என்றுதான் அவர் வளர்ந்திருந்தார்.

காலர் என்பது அவருடைய பெயரல்ல. தையல்காரர். சட்டையை யார் வேண்டுமானாலும் தைக்கலாம், காலர் மட்டும் நாலாம் மாடிக்காரர் வைத்தால்தான் நிற்கும் என்று கட்டடம் முழுக்கப் பேச்சு. பேச்சே பெயராகிவிட்டது. அடுத்தவர்கள் தூக்கிவிட்டுக்கொள்வதற்காக அத்தனை காலர் தைத்தவர், தன் காலரை ஒருநாளும் தூக்கிவிட்டுக்கொண்டதில்லை. அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஊரார் இடுப்புக்கு முன்னால் குனிந்தே பழகியவர். யாராவது கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும், முதுகு தானாக வளைந்துவிடும்.

நாலாம் மாடிதான் கடைசி மாடி. முன்னறையில் தையல் மிஷின். உள்ளறையில், தெருவைப் பார்த்த ஜன்னலோரம் ஒரு கட்டில், கட்டிலில் அப்பா. அப்பா முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர். வாதம் வந்து அவருடைய இடப்பக்கத்தை எடுத்துக்கொண்டது, நாக்கை மட்டும் விட்டுவைத்தது. "ரெண்டையும் மாத்தி எடுத்திருந்தா வீட்டுல நிம்மதியா இருந்திருக்கலாம்" என்பாள் மருமகள், காலரின் மனைவி, அவருக்குத் தலையணையைச் சரிசெய்துகொண்டே.

மேலிருந்து பார்த்தால் தெருவில் போகிறவர்களின் உச்சந்தலைதான் தெரியும். அப்பாவுக்கு அது போதும். "பாவம், அந்த நீலச் சட்டைக்காரனுக்கு உச்சியில காலியாயிட்டு வருது. அவன் பொண்டாட்டிக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. உலகமே இப்படித்தான் போவுது." பார்த்துக்கொண்டே, ஜன்னல் வழியாக வரும் காற்றை இழுத்து இழுத்து வாங்குவார். நெஞ்சில் சளி கட்டுகிறது, மருந்து பாதி வேலை செய்யும், மீதியை ஜன்னல் செய்யட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மருந்துக்குச் சீட்டு எழுதியவர் ஜன்னலுக்கு எழுதவில்லை. யாருக்குத் தெரியும், அதற்கும் ஒருநாள் சீட்டு கேட்பார்கள் என்று?

கட்டடத் தாங்குதிறன் வாரியம் வந்தது வெயில் ஏறத் தொடங்கிய சமயத்தில். குடியிருப்போர் சங்கச் செயலாளர்தான் வீடு வீடாகக் கதவைத் தட்டி எல்லாரையும் கீழே கூப்பிட்டார். அவருக்கு 'மீட்டிங்' என்று பெயர். தண்ணீர் வராவிட்டாலும் மீட்டிங் போடுவார், வந்துவிட்டாலும் போடுவார்.

வண்டி நிறுத்துமிடத்தில் மேடை. வாரியத் தலைவர் குண்டும் இல்லை, ஒல்லியும் இல்லை, வெயிலே படாத ஒரு வெளுப்பு. மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

"வருங்காலத்தில் வெயில் எப்படியிருக்கும் தெரியுமா?" என்று ஆரம்பித்தார். யாருக்கும் தெரியவில்லை. "எங்களுக்கும் தெரியாது. ஆனால் ஒன்று சொல்கிறேன். எப்படிப்பட்ட வெயில் வந்தாலும் இந்தக் கட்டடம் தாங்கும். புயல் வந்தாலும் தாங்கும். வெள்ளம் வந்தாலும் தாங்கும். நீங்கள் தாங்குவீர்களா என்பது எங்கள் வாரியத்தின் வரம்புக்குள் வராது. அதற்குத் தனியாக ஒரு வாரியம் அமைக்கச் சொல்லிப் பரிந்துரைத்திருக்கிறோம்."

மீட்டிங் முதலில் கை தட்டினார். பிறகு எல்லாரும் தட்டினார்கள். காலரும் தட்டினார். பக்கத்தில் மனைவி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"எதுக்குத் தட்டினீங்க?" என்றாள் படியேறும்போது.

"எல்லாரும் தட்டினாங்க."

"எல்லாரும் குதிச்சா?"

"மாடியில இருக்கறது நாமதானே. நமக்குத்தான் முதல்ல குதிக்க வரும்" என்று சிரித்தார் காலர். அவருக்கு அந்த நேரத்தில் அது நல்ல ஜோக்காகத்தான் தெரிந்தது.

வேலை தொடங்கியது. வெயில் உள்ளே வராமலிருக்கச் சுவர்களின் உட்பக்கம் கனத்த நுரைப் பலகை ஒட்டினார்கள். வெளிப்பக்கம் ஒட்டுவதாகத்தான் வரைபடத்தில் இருந்ததாம். சாரம் கட்ட வழியில்லை என்று உட்பக்கம் ஒட்டிவிட்டார்கள். நாலு சுவரும் நாலு பக்கத்திலிருந்து ஒரு முழம் ஒரு முழமாக உள்ளே வந்து நின்றன. பீரோவின் கதவு பாதிதான் திறந்தது. அதற்குப் பிறகு சேலைகளை மனைவி கையை விட்டுத் தடவித்தான் எடுத்தாள்.

"இன்னொரு தடவை வந்து மேம்படுத்திட்டுப் போனா நாம நின்னுக்கிட்டேதான் தூங்கணும்" என்றாள்.

பிறகு ஜன்னலுக்கு வந்தார்கள். அந்த வேலையைப் பார்த்தது வாரியத்தின் இளம் பொறியாளர், ஒரு பெண். இடுப்பில் பசை டேப்புச் சுருள் தொங்கும். எல்லாரையும் அண்ணா, அக்கா என்றுதான் கூப்பிடுவாள். சொல்வதையெல்லாம் ஒரு மாதிரி வருத்தத்தோடு சொல்வாள். வருத்தப்பட்டுக்கொண்டே சொன்னதைச் செய்தும் முடித்துவிடுவாள்.

கொக்கியைக் கழற்றினாள். இரட்டைக் கண்ணாடி பொருத்தினாள். சட்டத்தைச் சுற்றிப் பசை வைத்து அடைத்தாள். வெளிக் கண்ணாடியில் முன்பே வெள்ளிநிறப் படலம் ஒட்டியிருந்தார்கள். வெயிலைத் திருப்பி அனுப்பும் படலம். அதில் ஏதோ கோளாறு, இரண்டு பக்கமும் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. அப்பா திரும்பிப் படுத்தால் இப்போது தெரு தெரியவில்லை. ஒரு கிழவன் தெரிந்தான்.

"யாருடா இவன்? காலையில இருந்து என்னையே முறைக்கிறான்" என்றார் அப்பா. "முடியை வெட்டி எத்தனை மாசமாச்சோ, பிச்சைக்காரப் பய."

"நீங்கதான் மாமா அது" என்றாள் மருமகள்.

"அதான் எங்கேயோ பார்த்த மூஞ்சியா இருக்கேன்னு நினைச்சேன்."

சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்தது. இருமல் நின்றபிறகு நெஞ்சு விசிலடித்தது. காலர் பொறியாளரைப் பார்த்தார்.

"இவருக்குக் காத்து வேணும்மா. டாக்டரே சொல்லியிருக்காரு."

"அதுக்குத்தான் அண்ணா மெஷின் மாட்டியிருக்கோம்" என்று கூரையோரம் காட்டினாள் பொறியாளர். வெள்ளைப் பெட்டி ஒன்று புத்தம் புதிதாக இருந்தது. "வெளியில இருக்கற காத்தை வடிகட்டிக் குளிர வச்சு உள்ள அனுப்பும்."

"அப்ப போடேன்மா."

"போட முடியாது அண்ணா. போட்டா கரண்ட் இழுக்கும். கரண்ட் இழுத்தா வாரியம் கட்டடத்துக்குக் குடுக்கற மதிப்பெண்ணுல ஒரு நட்சத்திரம் குறைஞ்சிடும்."

"பின்ன எதுக்கு மாட்டினீங்க?"

"மாட்டினா ஒரு நட்சத்திரம் கூடும்."

காலர் இதை மனதுக்குள் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தார். துணியென்றால் எந்தப் பக்கம் உள், எந்தப் பக்கம் வெளி என்று தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார். இதில் இரண்டு பக்கமும் உள்ளாகவே இருந்தது.

வெயில் முற்றியது. நுரைப் பலகை வெளிவெப்பத்தை உள்ளே விடவில்லை என்பது உண்மைதான். ஆனால் உள்ளே இருந்த வெப்பத்தையும் வெளியே விடவில்லை. அடுப்பு மூட்டியது, இஸ்திரி போட்டது, பேசியது, கோபப்பட்டது எல்லாம் போக வழியில்லாமல் வீட்டுக்குள்ளேயே தங்கிப் பழகின. நேற்றைய சமையல் இன்றைக்கு முதுகில் சுட்டது. அப்பா மூச்சை ஒவ்வொன்றாக, படியேறுகிறவர் மாதிரி, நின்று நின்று விட்டார். பேச்சு குறைந்தது. அது மருமகளை என்னவோ செய்தது. "ஏதாவது வாயாடுங்க மாமா" என்பாள். "இடைவேளை" என்பார்.

அப்புறம்தான் கூரையில் கருவி வைத்தார்கள். உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்டம். நடுவில் சிவப்பு விளக்கு. அறைக்குள் நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு விடுகிறார்கள் என்று அது எண்ணும். எண்ணி, 'உட்சுமை' என்று ஒரு எண்ணாகக் கீழே வாசல் பலகையில் காட்டும். சுமை குறையக் குறைய நட்சத்திரம் கூடும்.

கருவி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கத் தலைவரே மேலே வந்தார். லிஃப்ட் ஓடுவதும் கரண்டுச் செலவு என்று நிறுத்திவிட்டிருந்ததால் படியேறித்தான் வந்தார். வந்து வாசலில் நின்று கொஞ்ச நேரம் வியர்த்தார். உள்ளே வரவில்லை. உள்ளே வந்தால் சுமை கூடுமாம்.

"உங்கள் வீட்டின் பிரச்சினை என்னவென்று கண்டுபிடித்துவிட்டோம்" என்றார்.

காலருக்கு மனம் குளிர்ந்தது. "ஜன்னல்தானே ஐயா?"

"நீங்கள்" என்றார் தலைவர். "கோபித்துக்கொள்ளக் கூடாது. அறிவியல் இது. ஒரு மனிதன் சும்மா உட்கார்ந்திருந்தாலே ஒரு குண்டு பல்பு அளவுக்கு வெப்பம் விடுகிறான். நீங்கள் மூன்று பேர். மூன்று பல்பு. இரவும் பகலும் எரிகிற பல்பு. மற்ற பல்புக்கெல்லாம் சுவிட்ச் இருக்கிறது. மனிதனை வடிவமைத்தவர்கள் அதைக் கவனிக்கவில்லை. எங்கள் வாரியம் அப்போதே இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டோம்."

கட்டிலிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "இங்க ஒண்ணு பியூஸ் போற மாதிரிதான் இருக்கு. கொஞ்சம் பொறுத்துக்கங்க."

தலைவர் சிரிக்கவில்லை. "நல்ல ஒத்துழைப்பு" என்று பொறியாளரிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மறுநாள் காலையில் மனைவி வெளுத்த சட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். "வாரியத்து ஆபீசுக்குப் போங்க. ஒரே ஒரு ஜன்னல் கேளுங்க. குனியாம கேளுங்க."

வாரியத்தின் தலைமை அலுவலகம் ஊரிலேயே புகழ்பெற்ற கட்டடம். முழுக்கக் கண்ணாடி. நெற்றியில் எத்தனை நட்சத்திரம் தரலாமோ அத்தனையும் இருந்தது. இதைவிட ஆற்றல் மிச்சம் பிடிக்கும் கட்டடம் கிடையாது என்று வாசலில் கல்வெட்டு. காலர் காலைத் துடைத்துவிட்டு உள்ளே போகக் கதவைத் தள்ளினார். திறக்கவில்லை. கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தார். வரிசை வரிசையாக மேசைகள், நாற்காலிகள். ஆள் ஒருவரும் இல்லை. நாற்காலிகளின் மேல் சுற்றி வந்த பிளாஸ்டிக் உறையைக்கூடக் கிழிக்கவில்லை.

"என்ன வேணும்?" என்றார் காவலாளி, மர நிழலில் இருந்து.

"ஆபீசர்களைப் பார்க்கணும். லீவா?"

"லீவு எல்லாம் இல்ல. பின்னாடி போங்க."

பின்னால் நீளமாக ஒரு தகரக் கொட்டகை. சுவர் இடுப்பளவுதான், அதற்கு மேலே நாலு பக்கமும் திறப்பு. மின்விசிறிகள் தலைக்குத் தலை சுழன்றன. அதற்குள் மொத்த வாரியமும் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தது. தாள்கள் பறக்காமலிருக்க எல்லார் மேசையிலும் ஒரு கருங்கல். காற்று அப்படி அடித்தது. காலர் அங்கேயே நின்று, வெட்கத்தை விட்டு, வாயைத் திறந்து ஒரு மூச்சு இழுத்தார்.

பொறியாளர் அவரைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள்.

"ஏம்மா, அவ்வளவு பெரிய கட்டடம் முன்னாடி இருக்கு..."

"அதுக்குள்ள யாரும் போறதில்ல அண்ணா. ஆள் போனா ரேட்டிங் போயிடும்." குரலைத் தாழ்த்தினாள். "முதல்ல ஒரு வாரம் உள்ளதான் இருந்தோம். ரெண்டு பேர் மயக்கம் போட்டு விழுந்தாங்க. அன்னைக்கு எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு சோதனை பண்ணினப்போ எண் அருமையா வந்துச்சு. அப்படியே விட்டுட்டாங்க."

தலைவரின் மேசை கொட்டகையின் கோடியில், காற்று முதலில் வரும் இடத்தில் இருந்தது. காலர் போய் நின்றார். குனியாமல் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தவர், தலைவர் நிமிர்ந்து பார்த்ததும் குனிந்தார்.

"ஐயா, எங்கப்பாவுக்கு ஒரே ஒரு ஜன்னல்..."

"இன்றைக்கு உங்களுக்காக ஜன்னல் திறந்தால், நாளைக்கு மூன்றாம் மாடிக்காரர் கேட்பார். ஆளாளுக்குக் காற்று வாங்க ஆரம்பித்தால் வாரியம் எதற்கு?" தாளின் மேல் கல்லை நகர்த்தி வைத்தார். "அடுத்த வாரம் உங்கள் கட்டடத்துக்கு இறுதிச் சோதனை. அதில் தேறட்டும். பிறகு மனிதாபிமானத்தோடு பார்ப்போம். அதற்கும் ஒரு பிரிவு இருக்கிறது."

காலர் நன்றி சொல்லிவிட்டு வந்தார். நன்றி சொன்னதை வீட்டில் சொல்லவில்லை.

சோதனை நாள் உச்சிவெயிலில் வைக்கப்பட்டது. அப்போதுதான் கட்டடத்தின் உண்மையான குணம் தெரியுமாம். தெருவில் பந்தல் போட்டு நாற்காலி போட்டார்கள், வாரியத்தாருக்கு. குடியிருப்பவர்கள் வெயிலில் நின்றார்கள். வாசலில் பெரிய மின்பலகை. மாடிக்கு ஒரு வரி, வரிக்கு ஓர் எண். ஒலிபெருக்கியில் மீட்டிங் தொண்டை வறளக் கூவினார். "எல்லாரும் ஒரு மணி நேரம் வெளிய இருந்தா போதும். ஒத்துழைப்புத் தாங்க. கட்டடத்துக்குள்ள ஒரு ஈ காக்கா இருக்கக் கூடாது."

நாலாம் மாடியில்தான் சிக்கல். அப்பாவை இறக்க வேண்டும். காலரும் எதிர்வீட்டுக்காரரும் அவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். முதல் திருப்பத்திலேயே நாற்காலி மாட்டிக்கொண்டது. மாடிப்படிச் சுவருக்கும் நுரைப் பலகை ஒட்டியிருந்தார்கள். முன்பு சவப்பெட்டியே தாராளமாகத் திரும்பின இடம் அது.

நாற்காலியைச் சாய்த்தார்கள். நிமிர்த்தினார்கள். தோளில் போட்டுத் தூக்கிப் பார்த்தார்கள். நெஞ்சு மடங்கியதும் அப்பாவுக்கு மூச்சு அடைத்து முகம் நீலமானது. பயந்துபோய்த் திரும்ப மேலேயே கொண்டுவந்து கட்டிலில் படுக்கவைத்தார்கள்.

தலைவர் படியேறி வந்தார். வாசலில் நின்று கட்டிலைப் பார்த்தார். மணியைப் பார்த்தார்.

"ஆட்கள்தான் உள்ளே இருக்கக் கூடாது" என்றார் யோசித்து. "நிலையான பொருட்கள் இருக்கலாம். சுவரோடு சேர்ந்த அலமாரி, தண்ணீர்த் தொட்டி, இப்படி. நகர்த்த முடியாதது எதுவோ அது நிலையான பொருள். இவரை நகர்த்த முடிகிறதா?"

"முடியல ஐயா."

"அவ்வளவுதான்."

பொறியாளர் இடுப்பிலிருந்த மஞ்சள் ஸ்டிக்கர்ச் சுருளை எடுத்தாள். 'நிலையான பொருள். நகர்த்தவோ மறைக்கவோ மாற்றவோ கூடாது' என்று அச்சடித்திருந்தது. எங்கே ஒட்டுவது என்று தயங்கி, அப்பாவின் சட்டைப்பையின் மேல் ஒட்டினாள். கோணலாகப் போய்விட்டது.

"நேரா ஒட்டும்மா" என்றார் அப்பா. "வித்துப்போகற மாதிரி தெரியுது."

"நான் கூட இருக்கேன்" என்றாள் மருமகள். "என்னை எங்கேயும் போகச் சொல்லாதீங்க."

"நீங்கள் நகர்கிறீர்களே, அம்மா" என்றார் தலைவர்.

ஒரு மணி நேரம்தான் என்றார்கள். மனைவி காலரைப் பார்த்தாள். இப்போதாவது இவர் ஏதாவது சொல்லிவிடமாட்டாரா என்கிற பார்வை. காலர் தரையைப் பார்த்தார். அவள் மாமனாரின் நெஞ்சில் ஈரத்துணியைப் போட்டு, தலைமாட்டில் தண்ணீரும் உறிஞ்சுகுழலும் எட்டும்படி வைத்துவிட்டு, காலரைத் தாண்டி இறங்கிப் போனாள். வெளியே கதவு இடுக்கையெல்லாம் டேப் ஒட்டி அடைத்தார்கள்.

சோதனை தொடங்கியது. மின்பலகையில் ஒவ்வொரு வரியாகப் பூஜ்யத்துக்கு வந்தது. ஒவ்வொரு பூஜ்யத்துக்கும் பந்தலுக்குள் கைதட்டல். கீழ்த்தளம் பூஜ்யம். ஒன்றாம் மாடி பூஜ்யம். இரண்டு, மூன்று. நாலாம் மாடி மட்டும் பதினெட்டில் நின்றது. கருவிக்கு ஸ்டிக்கர் படிக்கத் தெரியாது. அது பாட்டுக்கு மூச்சை எண்ணிக்கொண்டிருந்தது.

"அந்தப் பொருள் இன்னும் சுமை காட்டுகிறதே" என்றார் தலைவர், முகம் சுளித்து.

ஒரு மணி நேரம் போனது. காலர் படியை நோக்கி ஒரு அடி வைத்தார். மீட்டிங் கையை விரித்துக்கொண்டு குறுக்கே வந்தார். "இருங்கண்ணே, எண் இறங்குது. இந்த நேரத்துல போய்க் கெடுத்துடாதீங்க. அமைச்சர் வேற பார்க்க வர்றாராம்."

எண் உண்மையிலேயே இறங்கியது. பதினேழு. பதினைந்து. பந்தலில் சிலர் எழுந்து நின்றார்கள். தலைவர் மைக்கை வாங்கினார்.

"நண்பர்களே, இதுவரை எந்தக் கட்டடமும் இவ்வளவு நெருங்கியதில்லை. இன்று நாம் நிரூபித்துவிட்டோம். குறை கட்டடத்தில் இல்லை. நான் ஆரம்பத்திலிருந்தே இதைத்தான் சொல்லி வருகிறேன். எனவே சோதனையில் கடைப்பிடித்த இதே நிலையை, மறு உத்தரவு வரும்வரை நிரந்தரமாகக் கடைப்பிடிக்க வாரியம் முடிவு செய்திருக்கிறது."

மீட்டிங் கை தட்டினார். வெயிலில் நின்றவர்களும் தட்டினார்கள். தட்டிக்கொண்டே, அப்படியென்றால் நாம் எப்போது வீட்டுக்குப் போவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஆனால் கை நிற்கவில்லை.

பன்னிரண்டு.

காலர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டமே அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அது இறங்க இறங்க நாலாம் மாடியில் என்ன நடக்கிறது என்று அந்தத் தெருவில் இரண்டு பேருக்குத்தான் உறைத்தது. இன்னொருத்தி அவர் கையைப் பிடித்திருந்தாள். பிடியில் நகம் பதிந்தது.

ஒன்பது. "சபாஷ்!" என்றது மைக்.

"என்னங்க" என்றாள் மனைவி.

காலர் ஓடினார். மீட்டிங்கை இடித்துத் தள்ளிவிட்டு ஓடினார். பிற்பாடு மீட்டிங் இதற்காக ஒரு மீட்டிங் போட்டார், அது வேறு கதை. படிகளில் இருட்டாக இருந்தது. சுவர்கள் இரண்டு தோளையும் உரசின. கதவில் ஒட்டியிருந்த டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்தார். உள்ளே போனதும் அனல் முகத்தில் அறைந்தது.

அப்பாவின் வாய் திறந்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது. நெஞ்சு எழும்புகிறதா என்று தெரியவில்லை. காலர் கட்டிலை எதிர்ச்சுவரோரம் தள்ளினார். மிஷினுக்கு முன்னால் போட்டிருந்த இரும்பு ஸ்டூலை எடுத்து வந்து, ஜன்னலை ஓங்கி அடித்தார். உள் கண்ணாடி நொறுங்கியது. இன்னொரு அடி. வெளிக் கண்ணாடி உடைந்தும் விழவில்லை. அந்த வெள்ளிப் படலம் துண்டுகளையெல்லாம் பிடித்துக்கொண்டு, ஈரத்துணி மாதிரி சட்டத்திலேயே தொங்கியது. வாரியம் செய்த வேலைகளில் அன்றைக்கு உருப்படியாக உதவியது அது ஒன்றுதான். தெருவில் யார் தலையிலும் கண்ணாடி விழவில்லை.

காற்று வந்தது. சூடான, தூசு கலந்த, தெருக்காற்று. காலர் கட்டிலைத் திரும்ப ஜன்னலோரம் இழுத்து, அப்பாவின் தலையைத் தூக்கித் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"அப்பா. இழுங்கப்பா. கொஞ்சம் இழுங்க."

ஒன்றும் இல்லை. பிறகு ஒரு விசில். பிறகு இன்னொன்று.

கீழே பலகை ஒரே தாவலில் ஏறியது. தெருவில் "ஐயோ" என்று ஒரு சத்தம் எழுந்தது. எண்ணுக்காகத்தான். மைக்கில் தலைவரின் குரல் பதறவே இல்லை.

"பார்த்தீர்களா? ஒரே ஒரு மனிதர் உள்ளே போனார். என்ன ஆயிற்று பார்த்தீர்களா? இதற்கு மேல் நான் என்ன விளக்க வேண்டும்?"

கை தட்டினார்கள்.

மாடிப்படியில் காலடிகள் கேட்டன. பொறியாளர் வந்தாள், பின்னால் இரண்டு ஆட்கள் புதுக் கண்ணாடியும் பசை டப்பாவும் தூக்கிக்கொண்டு. அவள் முகம் வியர்வையா அழுகையா என்று தெரியாதபடி நனைந்திருந்தது.

"அண்ணா, கொஞ்சம் வெளிய வந்துடுங்க. ஜன்னலை அடைச்சுட்டுப் போயிடறோம்."

"அப்பா இருக்காரு."

"தெரியும் அண்ணா. அவர் பிரச்சினையில்ல, அவரைக் கணக்குல சேர்த்தாச்சு. நீங்கதான் கூடுதல்."

காலர் அப்பாவின் தலையை மெதுவாகத் தலையணையில் வைத்தார். எழுந்தார். அவர் வெளியே வரத்தான் எழுகிறார் என்று நினைத்து ஆட்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். அவர் ஜன்னலுக்குப் போனார். சட்டத்தில் ஒட்டியிருந்த சில்லுகளைக் கையால் துடைத்துவிட்டு, அந்தத் திறப்பிலேயே ஏறி, அறையைப் பார்த்தபடி, தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். உள்ளங்கையில் ரத்தம் கசிந்தது. நாலு மாடி உயரக் காற்று அவருடைய சட்டையைப் பின்னாலிருந்து உப்பவைத்தது. முதுகு வளையவில்லை. தளர்ந்தால் பின்னால் விழுந்துவிடுவார்.

"அந்த மஞ்சள் ஸ்டிக்கர் இன்னும் இருக்காம்மா?"

"இருக்கு. ஏன் அண்ணா?"

"எனக்கு ஒண்ணு ஒட்டு. இங்கேயே. இனிமே என்னை நகர்த்த முடியாது."

பசை டப்பா வைத்திருந்தவன் சிரித்தான். மற்ற இருவரும் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். கதவருகே மூச்சு வாங்கும் சத்தம். மனைவி அத்தனை படியும் ஏறி வந்திருந்தாள். ஜன்னலில் உட்கார்ந்திருந்த புருஷனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்த மனிதரை முதல் தடவை பார்ப்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

"ரெண்டு கிழிச்சுக்கோம்மா" என்றாள். "இவரு உக்காந்த இடத்துலயே தூங்கற ஆளு. நானும் மாத்தி மாத்தி உக்காரணும்."

கீழே மைக் யாரையோ அவசரமாக மேலே அனுப்பிக்கொண்டிருந்தது. நிறைய காலடிகள். பொறியாளர் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கட்டிலைப் பார்த்தாள். பிறகு சுருளில் நகத்தால் சுரண்டி நுனியைத் தேடினாள். கிடைத்தது. ஒன்றைக் கிழித்து, காலரின் சட்டைப்பையின் மேல், இந்தத் தடவை நேராக, அழுத்தி ஒட்டினாள். பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றினாள்.

"பொருளோட பேர் எழுதணும் அண்ணா. இல்லைன்னா செல்லாது. என்னன்னு எழுத?"

காலடிகள் மூன்றாம் மாடியைத் தாண்டிவிட்டன.

"ஜன்னல்னு எழுதும்மா" என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமல்.